பதினாறாவது சொட்டு

ஏழாம் வகுப்பில் ஒருமுறை பாறைகளைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "கல்லுக்குப் பசிக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "உனக்குப் பசிக்குதுன்னு நேரா சொல்லிட்டுப் போயேன்" என்று உட்காரவைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் "ஆமாம், சில கற்களுக்குப் பசிக்கும்" என்பது எனக்கு ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த விதத்தை நான் விளக்குவதைவிட இந்தக் கடிதங்களே நன்றாகச் சொல்லும்.

என் தம்பி வேறொரு ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். மனைவியை இழந்து மூன்று வருடம் ஆகிறது. போனில் அவனிடமிருந்து இரண்டு சொற்களுக்கு மேல் வாங்க முடியாது. ஒன்று "ம்", இன்னொன்று "வச்சிடட்டுமா". கையில் காகிதத்தைக் கொடுத்தால்தான் பேசுவான். அதனால் எங்களுக்குள் கடிதம்தான். நான் எதை எழுதினாலும் கார்பன் தாள் வைத்து எழுதுவேன், கேள்வித்தாள் தயாரித்த காலத்துப் பழக்கம். அதனால் என் பக்கத்துக் கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன.

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? முழங்கால் வலி எப்படி? எனக்குக் குறையொன்றும் இல்லை. வண்டியும் நானும் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

கூடத்தில் வைத்திருக்கும் தொட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். முன்னூறு லிட்டர் உப்புத் தண்ணீர். அதில் நடுநாயகமாக ஒரு கல் பவளம், மான் கொம்பு மாதிரி கிளை விட்டு நிற்கிறது. நாலு வருடத்துக்கு முன் வாங்கும்போது சுண்டுவிரல் அளவு. இப்போது என் இரண்டு கையையும் விரித்து வைத்தாலும் அதற்குள் அடங்காது. செல்லம் கொஞ்சம் அதிகம்தான். தண்ணீர் சூடு ஒரு டிகிரி ஏறினால் முகம் சுளிக்கும். அதற்கு ஏசி போட்டதைப் பார்த்துத்தான் அவள் அதற்குச் "சக்களத்தி" என்று பெயர் வைத்தாள். "உன் சக்களத்திக்குச் சோறு போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் எனக்குத் தட்டு வைப்பாள். அவள் போன பிறகும் அந்தப் பெயரை மாற்ற மனசு வரவில்லை. வீட்டில் அவள் திட்டின திட்டு கேட்டு வளர்ந்த உயிர் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான்.

பவளம் என்பது மேலே இருக்கும் மெல்லிய தோல்தான் அக்கா. உள்ளே இருக்கும் கல்லை அதுவே கட்டிக்கொள்கிறது. அதற்கு வேண்டிய சுண்ணாம்பையும் காரத்தையும் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். எடுத்ததை நான் தினமும் ஈடு செய்ய வேண்டும். ஞாயிறுதோறும் தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்து, நீலச் சாயம் கலந்து, இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். எத்தனையாவது சொட்டில் நீலம் மஞ்சளாக மாறுகிறதோ அதுதான் காரத்தின் அளவு, பாதி மாறி நின்றால் அரை. பதினாறாவது சொட்டில் மாறினால் சக்களத்தி சௌக்கியம் என்று அர்த்தம்.

உனக்குப் பொழுது போகவில்லை என்றாயே. வாராவாரம் அளவை எழுதுகிறேன். வரைபடம் போட்டு வை.

உன் தம்பி

ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது. தரையில் ஒழுங்காக இருக்கிறது.

உன் யோசனை பிடித்திருக்கிறது. பெரிய வரைபடத் தாள் ஒன்றை மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டிவிட்டேன். கீழே தேதி, பக்கத்தில் சொட்டு. முதல் புள்ளி வைத்தாயிற்று.

ஒரு சந்தேகம். கல் கட்டுகிற பவளம் பெரிதாக ஆக, அதிகம் சாப்பிடும் இல்லையா? நீ மட்டும் நாலு வருடமாக ஒரே அளவு போடுகிறாயா? கைக்குழந்தைக்கு வைத்த கிண்ணத்திலேயே கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கும் சோறு வைத்தால் எப்படி இருக்கும், யோசி.

இன்னொன்று. உன் கையெழுத்துக்கு இரண்டு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். நடு வரிகள் அலையடிக்கின்றன. சிவப்பு மையால் கோடு போட்டு இதோடு திருப்பி அனுப்புகிறேன். அறுபதை நெருங்குகிறாய், நேராக எழுது.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நீ கோடு போட்ட பக்கத்தைப் பார்த்தேன், நீயே மறுபடி பார் என்று இதோடு திருப்பி அனுப்புகிறேன். அந்தக் கடிதத்தை வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துத்தான் எழுதினேன் என்றால் நம்பவா போகிறாய்? டீச்சரோடு வாதம் பண்ணி ஜெயித்தவர் யார். இந்தத் தடவை தடித்த பேனாவில் பெரிதாக எழுதுகிறேன், உனக்கும் கஷ்டம் இருக்காது.

நாலு ஞாயிற்று அளவு: பதினாறு, பதினாறு, பதினாறு, பதினாறு. அதனால் நீ சொன்ன பெரிய கிண்ணம் இப்போதைக்குத் தேவையில்லை.

என் வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அம்மா ஒருத்தி உண்டு. வண்டி பின்னால் வரும்போது விசில் ஊதுவதால் அவளுக்கு "விசில்" என்றே பெயர். போன வாரம் சாவி கொடுக்க வீட்டுக்கு வந்தவள் தொட்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அடியில வெள்ளையா கிடக்கே?" என்றாள். "அது லைட்டும்மா" என்றேன். "லைட்டு அடியில மட்டுமா விழும்?" என்கிறாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி. உன் வகுப்பில் படித்திருக்க வேண்டியவள்.

வண்டியின் பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்துபோயிற்று. பள்ளிக்கூடத்துக் கேட் தூண் ராத்திரியோடு ராத்திரியாக அரை அடி தள்ளி வந்துவிட்டது போல.

உன் தம்பி

பிப்ரவரி 27

தம்பிக்கு,

இங்கு நலம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒருமுறை பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஊசல் சோதனையின் அளவுகளை எழுதிக் கொடுத்தான். பத்துத் தடவை ஆட்டியிருக்கிறான், பத்துத் தடவையும் நூலிழை மாறாமல் ஒரே விடை. "ஊசலை ஆட்டினியா, பேனாவை ஆட்டினியா?" என்று கேட்டேன். அன்று ஊசல் அலமாரியை விட்டு வெளியிலேயே வரவில்லை என்று ஒத்துக்கொண்டான்.

உண்மையான அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒரு வாரம் பதினைந்து, ஒரு வாரம் பதினாறரை. வளர்கிற உயிர் தின்றுகொண்டிருக்கும்போது அளவு ஆடாமல் நிற்காது. என் சுவரில் உன் புள்ளிகள் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரே கோட்டில் நிற்கின்றன. நீ சோதிக்கவில்லை, எழுதிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை சோம்பல் எல்லோருக்கும் உண்டு. சோம்பல் என்றே சொல்லியிருக்கலாம், அக்காவிடம் பொய்க் கணக்கு எதற்கு? நாலு புள்ளிக்கும் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

அவள் இருந்திருந்தால் சக்களத்தியை இப்படிப் பட்டினி போட விட்டிருக்க மாட்டாள்.

அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போன் செய்தால் "ம்" கூட வரவில்லை, நேராக "வச்சிடட்டுமா"தான் வருகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது. தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. தபால் பெட்டியின் வாய் ஒரு வழிதான் போகும்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

நலம்.

நான் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சோதித்தேன். பதினாறு சொட்டு விட்டேன், நிறுத்தினேன். நாலு வருடமாகப் பதினாறில்தான் மாறும். அதனால் பதினாறில் மாறியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த ஞாயிறு விசிலைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். பதினொன்றிலேயே மஞ்சளாகிவிட்டது என்கிறாள். மூன்று தடவை செய்தோம். மூன்று தடவையும் பதினொன்று. வெளிச்சம் சரியில்லாமல் நான் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

ஐந்து சொட்டு குறைகிறது. அதை ஏற்ற எவ்வளவு சமையல் சோடா வேண்டும்? கணக்குப் போட்டு அனுப்பு. நீ சொன்னால் சரியாக இருக்கும்.

உன் தம்பி

(இந்தக் கடிதம் ஒரு முழுத்தாளின் இரண்டு பக்கத்தையும் அடைத்திருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. இரண்டு இடங்களில் ஒரு வரியின் மேலேயே அடுத்த வரி ஏறியிருந்தது. அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கோபத்தில் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன்.)

ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு மனசு ஆறியது. பழக்கத்தில் எண்ணியிருக்கிறாய், அவ்வளவுதான். பூஜ்யத்தை அழித்துவிட்டேன்.

கணக்கு இதோ. முன்னூறு லிட்டருக்கு, ஐந்து சொட்டு ஏற, இருபத்திரண்டரை கிராம் சோடா. இரண்டு தடவை சரி பார்த்தேன். ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, ஊற்றிவிடு. அடுத்த ஞாயிறு பதினாறு காட்டும், இந்தத் தடவை நிஜப் பதினாறு.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 22

டீச்சரம்மாவுக்கு வணக்கம்.

நான் உங்க தம்பி ஓட்டுற பஸ்ல பிள்ளைங்கள ஏத்தி இறக்குற அம்மா. அண்ணன் என்னை விசில்னு எழுதியிருப்பாரு. இந்த லெட்டர் எழுதுறது அவருக்குத் தெரியாது. நீங்க சௌக்கியமா இருக்கீங்கன்னு நம்புறேன். இங்க சௌக்கியம் இல்ல.

சனிக்கிழம காலைல அண்ணன் நீங்க சொன்ன சோடாவ நிறுத்துக் கரைச்சு முழுசையும் ஊத்துனாரு. நான்தான் எடை பாத்தேன். ஞாயித்துக்கிழம காலைல சொட்டு எண்ணப் போனேன். கதவ அவருதான் தொறந்தாரு. தொட்டியப் பாத்தேன். கொம்பு முழுக்க வெள்ளை. தோலு நனைஞ்ச காகிதம் மாதிரி பிய்ஞ்சு பிய்ஞ்சு தண்ணில மிதக்குது. நுனியில ரெண்டு மூணு எடத்துல மட்டும் பழுப்பா ஏதோ ஒட்டிட்டு இருக்கு. ஒரே நாள்ல.

டீச்சரம்மா, அது இல்ல நான் சொல்ல வந்தது. அண்ணன் அந்தத் தொட்டிக்கு நேரா, ஒரு அடி தள்ளி நிக்கிறாரு. அதையே பாத்துட்டு இருக்காரு. பாத்துட்டே என்னைக் கேக்குறாரு, "இன்னிக்குக் கொஞ்சம் தெளிவா இருக்கா மாதிரி இல்ல? தேறிடும்ல?"

"அண்ணே, உங்களுக்கு இது தெரியலையா?"ன்னு கேட்டேன். "நேரா பாத்தா தெரியாதும்மா. பக்கத்துல பாத்தா கொஞ்சம் தெரியும்"னாரு. சொல்லிட்டு ஓரக்கண்ணால பாத்தாரு. பாத்ததும் அப்படியே நாற்காலில உக்காந்துட்டாரு.

போன நவம்பர்ல இருந்து வண்டில நான்தான் அவருக்கு "இடது, வலது, ஆள் வருது"ன்னு சொல்லிட்டு வரேன். கண்ணாடி மாத்தணும், அடுத்த மாசம் மாத்திடுறேன்னு சொன்னாரு, நானும் நம்புனேன். நாப்பத்தி ரெண்டு பிள்ளைங்க டீச்சரம்மா. வாய மூடிட்டு இருந்தது என் தப்பு. அத யாரு மேலயும் போட மாட்டேன்.

"நாளைக்கு நீங்க வண்டி எடுத்தா நான் ஏற மாட்டேன், பிள்ளைங்களையும் ஏத்த மாட்டேன், கேட்டுல படுத்துக்குவேன்"னு சொன்னேன். அவரு சண்டை போடல. திங்கக்கிழம காலைல நடந்தே போயி பள்ளிக்கூடத்துல சாவியக் குடுத்துட்டாரு. நானும் கூடப் போயி என் பங்கைச் சொன்னேன். அப்புறம் கண் ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போனேன். நெறைய டெஸ்ட் எடுத்திருக்காங்க.

அவருக்கு நீங்கதான் எழுதணும். நான் படிச்சுக் காட்டுறேன்.

ஏப்ரல் 27

தம்பி,

இந்தக் கடிதத்தை விசிலம்மா உனக்குப் படித்துக் காட்டுவாள். படிக்கும்போது குரல் இடறினால் அது என்னால், அவளால் இல்லை.

நலம் விசாரிக்க எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். தூண் தள்ளி வந்தது என்று எழுதினாய், நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன். தடித்த பேனா என்றாய், எனக்காக என்று நினைத்தேன். எழுத்து பெரிதாயிற்று, கோபம் என்று முடிவு செய்தேன். மஞ்சள் தெரியவில்லை என்று நீ சொல்லாமல் சொன்னபோதுகூட ஏன் தெரியவில்லை என்று நான் கேட்கவில்லை. அளவில் தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில், அளந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க மறந்தேன்.

சக்களத்தியைக் கொன்றதும் நான்தான். கணக்கு சரி. ஆனால் ஆய்வகத்தில் குப்பியில் ஊற்றுகிற மாதிரி ஊற்றச் சொல்லிவிட்டேன். குப்பிக்கு உயிர் இல்லை. மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவனுக்கு ஒரே நாளில் விருந்து வைக்கக் கூடாது என்று எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். இப்போது புத்தகம் வாங்கிப் படித்தேன். ஒரு நாளைக்கு ஒரு சொட்டு, அதற்கு மேல் ஏற்றக் கூடாதாம். பவளத்துக்கு வேண்டியது பதினாறு என்கிற எண்கூட இல்லை, மாறாமல் இருப்பதுதானாம். படித்துவிட்டு எழுதியிருக்க வேண்டும்.

நாற்பத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாய். திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. டாக்டர் என்ன சொன்னார்? ஒளிக்காமல் எழுது.

அக்கா

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சொல்ல, விசில் எழுதுகிறாள். (வணக்கம் டீச்சரம்மா.) கையெழுத்து அழகாக இருக்கும், இந்தத் தடவையாவது முழு மதிப்பெண் போடு.

கண்ணின் பின்பக்கம், நடுவில், ரத்தம் கசிந்திருக்கிறதாம். இடது கண்ணில் ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்கியிருக்கிறது. வலது கண் நன்றாக இருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. அதுவும் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வண்டி போய்விடும். வண்டி போனால் காலையில் எழுந்து எங்கே போவேன் என்று இருந்தது. ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று தள்ளினேன். (யாருக்கும் ஒண்ணும் ஆகல. அது நம்ம அதிர்ஷ்டம், அண்ணனோட திறமை இல்லன்னு எழுதச் சொல்றாரு.)

வலது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி. கண்ணுக்குள்ளேயேதான். (பாத்த எனக்குத்தான் மயக்கம் வந்துச்சு, அவருக்கு இல்ல.) போனது திரும்ப வராது, இருப்பது நிற்கும் என்கிறார்கள். ஓரத்தில் எல்லாம் தெரிகிறது. முகம் மட்டும் கிடைப்பதில்லை. அவள் போட்டோவை ஓரக்கண்ணால்தான் பார்க்கிறேன். நேராகப் பார்க்க அவள் எப்போது விட்டாள்.

சக்களத்தியை நீ கொல்லவில்லை, பாதி பட்டினி நான் போட்டது. பழுப்பாக உயிர்த்தோல் ஒட்டியிருந்த நுனிகளை அன்றே விசில் கட்டிங் பிளேயரால் வெட்டிச் சின்னக் கற்களில் ஒட்டினாள். இரண்டு போய்விட்டது. ஒன்று இருக்கிறது, சுண்டுவிரல் அளவு. வாங்கியபோது இருந்த அதே அளவு அக்கா. கெட்டுப்போன தண்ணீரை மாற்றியதில் அளவு மறுபடி பதினொன்றுக்கு இறங்கிவிட்டது, அதிலிருந்து ஒரு நாளைக்கு அரைச் சொட்டுக்கு மேல் நாங்கள் ஏற்றவில்லை. அவள் பார்க்கிறாள், நான் எண்ணுகிறேன். ஞாயிற்று அளவுகள்: பதினொன்றரை, பதின்மூன்று, பன்னிரண்டரை.

முக்கியமான விஷயம். டாக்டர் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருந்தால் அவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அவர்கள் காட்டியது கட்டம் போட்ட ஒரு தாள்தான். உன் சுவரில் இருக்கிறதே, அதே மாதிரி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்.

உன் தம்பி

மே 21

அன்புள்ள தம்பிக்கும் விசிலம்மாவுக்கும்,

இருவரும் நலமாக இருக்க வேண்டும். கையெழுத்துக்குப் பத்துக்குப் பத்து.

உன் மூன்று அளவுகளையும் வரைபடத்தில் வைத்தேன். ஏறி இறங்கி, கோணல் மாணலாக, உயிருள்ள கோடு. அதைப் பார்த்துக்கொண்டே நின்று, நீ சொன்னதற்காக, வலது கண்ணை உள்ளங்கையால் மூடினேன்.

தாளின் நடுவில் கட்டங்கள் உப்பியிருந்தன. பிப்ரவரியில் நீ எழுதிய நேர்க்கோடு, நான் பூஜ்யம் போட்ட அந்தக் கோடு, நடுவில் அலையடித்தது. தாள் சுவரில் சரியாக ஒட்டவில்லை என்று கையால் தடவிப் பார்த்தேன். தாள் சமமாகத்தான் இருந்தது. கையை எடுத்து இடது கண்ணை மூடினேன். கட்டம் எல்லாம் ஒழுங்காக நின்றது. நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன்.

வகுப்பில் எல்லோரும் சேர்ந்து செய்யுள் ஒப்பிக்கும்போது, மனப்பாடம் செய்யாத பெண் ஒருத்தி வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பாள். கூட்டத்தில் தெரியாது. தனியாக எழுப்பிக் கேட்டால்தான் தெரியும். என் இடது கண் எத்தனை மாதமாக வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்ததோ.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். இப்போதுதான் தொடக்கம், நல்ல நேரத்தில் வந்தீர்கள், பார்வை பெரும்பாலும் தங்கும் என்றார்கள். முதல் ஊசி போட்டாயிற்று. "யார் சொல்லி வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "பஸ் டிரைவர்" என்றேன்.

வீட்டுக்கு வந்து உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்தேன். நடு வரிகள் அலையடிக்கின்றன என்று நான் கோடு போட்டு, பிப்ரவரியில் நீ திருப்பி அனுப்பிய பக்கத்தில் என் சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் படித்தேன். தம்பி, உன் வரிகள் நேராக இருக்கின்றன. ஸ்கேல் வைத்து எழுதினேன் என்றாயே, ஸ்கேல் வைத்துத்தான் எழுதியிருக்கிறாய். என் சிவப்புக் கோடுதான் வளைந்திருக்கிறது.

அந்த இரண்டு மதிப்பெண்ணையும் இதோடு திருப்பித் தருகிறேன்.

அக்கா

கடிதங்கள் இவ்வளவுதான். அந்தச் சுண்டுவிரல் கிளைக்கு இப்போது பக்கத்தில் ஒரு வெள்ளை மொட்டு விட்டிருப்பதாகப் போன வாரக் கடிதம் சொல்கிறது. அடியில் வெள்ளையாக இருந்தால் சாவு, நுனியில் வெள்ளையாக இருந்தால் வளர்ச்சி என்று விசிலம்மா எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். தம்பி பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் மணி அடிக்கிறான். காலையில் போக ஓர் இடம் இருக்கிறது.

இதைப் படித்து முடித்தவர்கள் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். புத்தகத்தைக் கீழே வையுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எதிரில் இருக்கும் கதவு நிலையையோ ஜன்னல் கம்பியையோ நேராகப் பாருங்கள், பிறகு கையை மாற்றி மறு கண்ணாலும் பாருங்கள்.